அரிய நோய்க்கு அறிவும் மருந்தே

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் அதன் இறுதிக் குறளில் சற்றே நின்று செல்வது எம் வழக்கம். நோயுற்றவர், நோய் தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிருந்து பணி செய்பவர் ஆகிய நான்கும் கூடியதே மருத்துவம் என்பது வள்ளுவர் கருத்து. அதற்கு உரை வகுத்த பரிமேலழகர், அந்நான்கையும் நந்நான்காகப் பகுத்துப் பதினாறாக்கிக் காட்டுகிறார். மருத்துவர்க்கு அவர் கூறும் இயல்புகளுள் ஒன்று, நோயைப் பலமுறை தீர்த்துப் பழகியிருத்தல். மருந்துக்குரியவற்றுள் ஒன்று, எளிதில் கிடைத்தல். நோயாளிக்குரியவற்றுள் ஒன்று, தம் நோயின் நிலையை எடுத்துச் சொல்லுதல். உடனிருப்பவர்க்குரியவற்றுள் ஒன்று, அறிவுடைமை.

மாணவர்கள் இவற்றைத் தேர்வுக்குரிய குறிப்பாக எழுதிக்கொள்வர். எம் குடும்பத்தில் ஒருவர்க்கு அரிய வகைப் புற்றுநோய் வந்தபோது, இந்நான்கும் ஏட்டில் உறங்கும் இலக்கணம் அல்ல, நோயாளியின் உயிரோடு தொடர்புடையவை என்பதை யாம் கண்டுணர்ந்தோம். அவ்வனுபவத்தையும், அதன் பின் படித்தும் கேட்டும் அறிந்தவற்றையும் மாணவச் செல்வங்களோடும் சமுதாயப் பெரியோர்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அரியது என்பது எது?

அரபு மொழியில் இந்நோய்க்குப் பெயர் ‘ஸரத்தான்’. அச்சொல்லின் பொருள் நண்டு. மருத்துவப் பேரறிஞர் இப்னு சீனா தம் ‘கானூன்’ நூலில் இப்பெயராலேயே இந்நோயைப் பேசுகிறார். ‘கேன்சர்’ என்னும் இலத்தீன் சொல்லின் பொருளும் நண்டே. தமிழர் மண்ணுக்குள் கிளை பரப்பி வளரும் புற்றைக் கண்டு புற்றுநோய் என்றனர். பெயர் ஒன்றாயினும் நோய் ஒன்றன்று. தோன்றும் உறுப்பு, தோன்றும் உயிரணு, வளரும் விதம், கேட்கும் மருந்து ஆகியவற்றால் இது பலநூறு நோய்களாகப் பிரிகிறது.

அவற்றுள் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஆறு பேர்க்கும் குறைவாகப் புதிதாய் வருவனவற்றை ஐரோப்பிய ஆய்வாளர்கள் அரிய புற்றுகள் என வரையறுத்துள்ளனர். ஒவ்வொன்றாக எடுத்தால் அரியவை; ஒன்றாகச் சேர்த்தால் அவ்வாறல்ல. ஐரோப்பாவில் கண்டறியப்படும் புற்றுநோய்களில் 22 விழுக்காடு இத்தகையவை என்று 2011-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பரவலான புற்றுகள் கண்டவர்களில் 65 விழுக்காட்டினர் ஐந்தாண்டு கடந்து வாழ, அரிய புற்றுகள் கண்டவர்களில் 47 விழுக்காட்டினரே அவ்வாறு வாழ்ந்தனர் என்பதும் அவ்வாய்வின் முடிவு. நோயின் கொடுமை ஒரு காரணம். காலந்தாழ்ந்து கண்டறிதல், தவறாகக் கண்டறிதல், பழகிய மருத்துவர் கிட்டாமை ஆகியனவும் காரணங்களாம்.

தமிழில் ‘எண்ணுதல்’ என்னும் சொல்லுக்குக் கணக்கிடுதல் என்றும் கருதுதல் என்றும் இரு பொருள் உண்டு. எண்ணிக்கையில் வாராத நோய் எவர் எண்ணத்திலும் வாராது. அவ்வகையில், 1982 முதல் சென்னையில் புற்றுநோயாளர்களைக் கணக்கிட்டுவரும் மக்கள்தொகைசார் புற்றுநோய்ப் பதிவேடு போற்றத்தக்கது. இந்தியாவில் 2022-இல் புதிதாக ஏறத்தாழ 14 லட்சத்து 61 ஆயிரம் பேர்க்குப் புற்றுநோய் கண்டிருக்கும் என மதிப்பிட முடிந்தது இத்தகைய பதிவேடுகளாலேயே. அப்பெருந்தொகைக்குள் அரிய புற்றுகள் சிறுசிறு கட்டங்களாக ஒதுங்கி நிற்கின்றன.

பலமுறை தீர்த்த மருத்துவர்

எம் தமக்கையாரின் கணவர் நாவலூரில் மளிகைக் கடை நடத்திவருபவர். மச்சான் என்றே யாம் அழைப்போம். 2017-ஆம் ஆண்டு, அரிசி மூட்டையை நகர்த்தினாலே மூச்சு வாங்கத் தொடங்கியது. முகம் வெளுத்தது. மலம் கறுத்துப் போயிற்று. வயிற்றுப்புண் என்று சொல்லி நான்கு மாதம் மருந்து தரப்பட்டது. பின்னர்க் குழாய் விட்டுப் பார்த்தபோது இரைப்பையின் சுவரில் ஒரு கட்டி தெரிந்தது. ஒரு மருத்துவமனையில், “இது அபூர்வமான வகை; எங்களிடம் அதிகம் வருவதில்லை” என்று மட்டும் சொல்லி, ஆங்கிலத்தில் அச்சிட்ட நான்கு பக்க அறிக்கையைக் கையில் கொடுத்தனர். ‘ஜிஸ்ட்’ என்பது அதிலிருந்த பெயர். லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவர் அளவிலேயே வரும் நோய் அது.

நாவலூரின் நிலையை அறிந்தோர்க்கு இதிலுள்ள முரண் விளங்கும். ஒருகாலத்தில் வயலும் ஏரியுமாக இருந்த அவ்வூர் இன்று ராஜீவ் காந்தி சாலையின் இருமருங்கும் கணினி நிறுவனங்களும் அடுக்குமாடி வீடுகளும் சூழ நிற்கிறது. அச்சாலையில் வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சென்றால் அடையாறு புற்றுநோய் நிலையம். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் விடாமுயற்சியால் 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கப்பெற்றது அது. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 2021-இல் மறைந்த டாக்டர் சாந்தா அம்மையாரும் அதனை ஆலமரமாக வளர்த்தனர். வழியில் தரமணியில் 2019-இல் திறக்கப்பெற்ற புரோட்டான் கதிர் மருத்துவ மையம் உண்டு. மேற்கே காஞ்சிபுரம் காரப்பேட்டையில் பேரறிஞர் அண்ணா பெயரில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை உண்டு. இத்தனையும் சூழ்ந்த ஊரில், இந்த நோய்க்கு எவரிடம் செல்வது என்று சொல்ல ஒருவர் இல்லை.

மார்பகப் புற்றென்றால் அடுத்த தெருவில் ஒருவர் அதனைக் கடந்து வந்திருப்பார். இன்ன இடத்திற்குப் போ என்பார். அரிய நோயாளிக்கு அத்தகைய அண்டைவீட்டார் கிடையாது. பரிமேலழகர் கேட்கும் ‘பலமுறை தீர்த்துப் பழகிய’ மருத்துவர் எல்லா ஊரிலும் இருக்க இயலாது என்பதும் உண்மையே. ஆதலின் வெளிநாட்டினர் நோயாளிகளைச் சில மையங்களில் ஒருங்குசேர்க்கும் வழியைக் கைக்கொண்டனர். ஐரோப்பாவில் 2017 முதல் அரிய புற்றுகளுக்கென மருத்துவமனைகளின் வலையமைப்பு இயங்குகிறது. நம் நாட்டிலும் 2012-இல் தேசியப் புற்றுநோய் வலையமைப்பு தோன்றியுள்ளது.

இவ்விடத்தில் எளிய உண்மை ஒன்றைப் பலரும் அறியார். ஐயம் தீர்வதற்கு எப்போதும் நோயாளியே நெடுந்தொலைவு பயணம் செய்ய வேண்டுவதில்லை. கட்டியிலிருந்து எடுத்த திசுவை மெழுகுக் கட்டியாகப் பாதுகாத்து வைப்பர். அம்மெழுகுக் கட்டியும் கண்ணாடித் தகடும் அந்நோயில் தேர்ந்த வல்லுநரிடம் சென்றாலே போதும் என்னும் நிலை உண்டு. மச்சானின் நோய் உறுதியானது அவ்வாறே. எனவே திசுச் சோதனை செய்தவர்கள் அவற்றைப் பத்திரப்படுத்தியுள்ளனரா என்று கேட்டறிதலும், தேவைப்படும்போது பெற்றுக்கொள்ளுதலும் அவசியம்.

எளிதிற் கிடைக்கும் மருந்து

இந்நோயின் வரலாறு வியப்பிற்குரியது. நெடுங்காலம் அறுவை ஒன்றே இதற்கு வழியாக இருந்தது. வழக்கமான புற்றுநோய் ஊசி மருந்துகள் பயன்தரவில்லை. 1998-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இக்கட்டிகளில் ‘கிட்’ என்னும் மரபணு பிறழ்ந்திருத்தலைக் கண்டனர். அதே காலத்தில் ஒருவகை இரத்தப் புற்றுக்கென உருவாகிக்கொண்டிருந்த இமாட்டினிப் என்னும் மாத்திரை, அப்பிறழ்வின் ஆற்றலையும் அடக்க வல்லது எனத் தெரிந்தது. 2000-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டுப் பெண்மணி ஒருவர்க்கு முதன்முதலில் கொடுத்துப் பார்க்கப் பரவியிருந்த கட்டிகள் சுருங்கின. ஓர் அரிய நோய்க்கு இலக்கறிந்து தாக்கும் மருந்து இவ்வாறு பிறந்தது.

பிறந்த மருந்து ஏழைக்கு எட்டுமா என்னும் வழக்கு நம் சென்னையில் எழுந்தது. நோவார்ட்டிஸ் நிறுவனம் இதன் படிக வடிவம் ஒன்றிற்குக் காப்புரிமை கோரி 1998-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்திருந்தது. அந்நிறுவனத்தின் மாத்திரை மாதம் ஏறத்தாழ 1,20,000 ரூபாய். இந்திய நிறுவனங்கள் செய்ததோ 8,000 முதல் 10,000 ரூபாய் வரை. புற்றுநோயாளர் உதவிச் சங்கம் காப்புரிமையை எதிர்த்தது. 2006 சனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. 2007-இல் சென்னை உயர்நீதிமன்றம், சட்டத்தின் 3(டி) பிரிவை எதிர்த்த மனுவைத் தள்ளியது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்சநீதிமன்றம் நிறுவனத்தின் மேல்முறையீட்டையும் தள்ளுபடி செய்தது. ‘எளிதில் கிடைத்தல்’ மருந்தின் இலக்கணம் என்று உரையாசிரியர் எழுதியதன் பொருளை, நாவலூர் மளிகைக் கடைக்காரர் ஒருவர் மாதந்தோறும் மாத்திரை வாங்கியபோது யாம் உணர்ந்தோம். ஆயினும் ஒன்று சொல்லல் வேண்டும். இத்தகைய மருந்து வாய்த்த அரிய புற்றுகள் சிலவே. பல புற்றுகளுக்கு, நோயாளிகள் குறைவு என்பதனாலேயே ஆய்வும் குறைவு, மருந்தும் குறைவு.

தம் நோயைச் சொல்ல இயலாதவர்

மருத்துவரும் மருந்தும் கிடைத்தபின்னும் மச்சானின் அச்சம் தீரவில்லை. அறுவை முடிந்து மூன்றாண்டு நாள்தோறும் மாத்திரை உட்கொள்ள வேண்டும் என்றனர். அவர் நெஞ்சில் கேள்விகள் குவிந்தன. இது வயிற்றுப் புற்றா? பிள்ளைகளுக்கு வருமா? மூன்றாண்டுக்குப் பின் என்ன? ரமளானில் நோன்பு நோற்கலாமா? கேட்பதற்குச் சொற்கள் இல்லை; கேட்க நேரமும் இல்லை. கேட்ட இடத்தில் கிடைத்தனவோ சாதாரண இரைப்பைப் புற்றுக்குரிய செய்திகள். அதுவும் இதுவும் ஒரே உறுப்பில் தோன்றினும் வேறு வேறு நோய்கள். ஒன்றன் செய்தி மற்றொன்றன் நோயாளிக்குப் பொருந்தாது. தமக்கு உரியதல்லாத செய்தியைப் படித்து இருமுறை தூக்கம் இழந்தார் அவர்.

மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் காலையில் கண்ணிமைகள் வீங்கத் தொடங்கின. சிறுநீரகம் கெட்டுவிட்டதென்று வீடே கலங்கியது. அடுத்த முறை மருத்துவமனை சென்றபோது, திருப்போரூர்ப் பக்கத்து அம்மையார் ஒருவர் பக்கத்துப் பெஞ்சில் அமர்ந்திருந்தார். கையில் அதே மாத்திரை அட்டை. மச்சானின் முகத்தைப் பார்த்து, “உங்களுக்கும் காலையில கண்ணு வீங்குதா பாய்? எனக்கும் அப்படித்தான். மாத்திரையால வர்றது. டாக்டர்கிட்ட சொல்லுங்க, பயப்படாதீங்க” என்றார். இரவில் கெண்டைக்கால் பிடித்திழுப்பதும் அதனாலேயே என்றார். மருத்துவரும் பின்னர் அதனையே உறுதி செய்தார். அரைமணி நேரப் பேச்சில் இரண்டு மாத அச்சம் கரைந்தது. அன்றுதான் மச்சான் வயிறார உண்டார் என்று தமக்கையார் இன்றும் கூறுவார்.

ஒரே நோயுடையோர் ஒருவரையொருவர் காண்பதன் பயன் இது. இந்நோய்க்கும் அவ்விரத்தப் புற்றுக்கும் ஆளானோர்க்கென ‘பிரண்ட்ஸ் ஆஃப் மேக்ஸ்’ என்னும் குழு நம் நாட்டில் இயங்குகிறது. ஏனைய அரிய புற்றுகள் பலவற்றுக்கு அத்தகைய துணை இல்லை. இருப்பினும் தமிழில் இல்லை.

நோன்பு பற்றிய கேள்விக்கு விடை இருவரிடமிருந்து வரவேண்டியிருந்தது. நோயாளிக்கு மார்க்கம் தந்துள்ள சலுகையையும், பின்னர் நோற்றலையும், இயலாதார்க்குரிய ஃபித்யாவையும் பள்ளிவாசல் ஆலிம் விளக்கினார். உணவோடும் நிறையத் தண்ணீரோடும் ஒருவேளை கொள்ளும் மாத்திரையாதலின், உடல்நிலை இடங்கொடுத்தால் நேரம் மாற்றிக்கொள்ளலாம் என்று மருத்துவர் இரண்டாம் ஆண்டில் இசைந்தார். பிறிதொரு நோயாளிக்குப் பிறிதொரு விடை பொருந்தலாம். அவரவர் மருத்துவரைக் கேட்டே துணிதல் வேண்டும். இக்கேள்விக்கு இடமளிக்கும் செய்தித்தாள் ஒன்றும் எங்கள் கையில் கிடைக்கவில்லை என்பதே யாம் இங்குக் குறிக்க விரும்புவது.

உடனிருப்போர் அறிவு

நோயாளிக்கு அடுத்தபடியாகச் சுமப்பவர் உடனிருப்பவர். அப்போது மச்சானின் மூத்த மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தனர். “பெயர் வெளியே தெரிந்தால் பெண்ணை யார் எடுப்பார்?” என்று உறவினர் சிலர் தமக்கையாரின் வாயை அடைத்தனர். கணவரின் நோயை ஓராண்டுக் காலம் அண்டை அயலாரிடம் மறைத்து அவர் தனியே அழுதார். இந்நோய் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருவது மிக மிக அரிது என்னும் ஒரு வரி தமிழில் அவர் கையில் இருந்திருப்பின், அவ்வழுகையில் பாதி குறைந்திருக்கும்.

அறியாமை வேண்டாத இடத்தில் அச்சத்தைத் தரும். வேண்டிய இடத்தில் அசட்டையையும் தரும். குழந்தைகளின் விழித்திரையில் தோன்றும் புற்று இதற்குச் சான்று. 16,000 முதல் 18,000 பிறப்புகளுக்கு ஒன்றென வருவது அது. கருவிழியின் நடுவே பூனைக்கண் போல வெண்மை ஒளிர்தல் அதன் முதல் அடையாளம். ஒளிவிளக்கோடு எடுத்த நிழற்படத்தில் ஒரு கண் சிவந்தும் மற்றது வெளுத்தும் தெரிவதுண்டு. அதனை முதலிற் காண்பவர் பெரும்பாலும் தாயே. கண்ணில் ஏதோ மின்னுகிறது, வளர்ந்தால் சரியாகும் என்று மூத்தோர் சொல்ல, மாதங்கள் கடக்கும். செல்வ நாடுகளில் இந்நோய் கண்ட குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைவருக்கு மேல் பிழைக்கின்றனர். காலத்தே வருதலே அதற்குத் தலையாய காரணம். மேலும் இந்நோயில் ஏறத்தாழ 40 விழுக்காடு மரபுவழிப்பட்டது; ஆதலின் உடன்பிறந்த குழந்தைகளின் கண்களையும் சோதித்தல் கட்டாயம். சென்னையிலேயே 1978-இல் தோன்றிய சங்கர நேத்ராலயா போன்ற கண் மருத்துவ நிலையங்கள் உள்ளன. தாயின் கண்ணுக்கும் மருத்துவரின் கண்ணுக்கும் இடையே உள்ள தொலைவே பெரிது.

மாணவர்களுக்கும் ஒன்று. வளரும் பருவத்தினர்க்கு முழங்காலை ஒட்டி வரும் எலும்புப் புற்று ஒன்று உண்டு. விளையாட்டில் பட்ட அடியென்று கருதி எண்ணெயிட்டு நீவுவதும் கட்டுப் போடுவதும் நம் வழக்கம். வாரக்கணக்கில் குறையாத வலி, இரவில் எழுப்பும் வலி, வீக்கம் ஆகியவை இருப்பின் நீவாது ஊடுகதிர்ப் படம் எடுத்தல் நலம். கனடாவின் டெரி ஃபாக்ஸ் என்னும் இளைஞர் இந்நோயால் 1977-இல் வலக்காலை இழந்து, 1980-இல் செயற்கைக் காலோடு 143 நாள் ஓடி உலகின் கவனத்தை ஈர்த்தவர். அவர் இழந்தது பதினெட்டாம் வயதில். நம் முதலாமாண்டு மாணவரின் வயது அது.

தமிழ்த்துறையின் கடமை

இதில் தமிழாசிரியர்க்கு என்ன வேலை என்று சிலர் வினவலாம். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே கற்பித்து அறுபதுக்கும் மேற்பட்ட மருத்துவர்களை உருவாக்கினார். அவர் வெளியிட்ட ‘இரணவைத்தியம்’ 1867-இல் அச்சேறியது. நம் காலத்தில், 2017-இல் மறைந்த அறிவியல் தமிழறிஞர் மணவை முஸ்தபா அவர்கள், யுனெஸ்கோ கூரியர் தமிழ்ப் பதிப்பின் ஆசிரியராக இருந்ததோடு, மருத்துவக் கலைச்சொற்களுக்கு அகராதியும் தந்தார்கள். நம் சமுதாயத்திலிருந்து எழுந்த அப்பெருமகனார் வகுத்த பாதை நம்முன் உள்ளது.

ஆயின் அகராதிச் சொல் நோயாளியின் நாவில் ஏறவேண்டும். மச்சானின் நோயை முறையாகப் பெயர்த்தால் ‘இரைப்பை குடற்பாதை இடைத்திசுக் கட்டி’ என்று வரும். பிழையற்ற சொல், ஆயினும் கடையில் நிற்பவர் அதனைச் சொல்லார். ‘இரைப்பைச் சுவர்க் கட்டி’ என்று யாம் சொல்லிக் கொடுத்தோம். அன்றுமுதல் கேட்போர்க்கெல்லாம் அவர் தம் நோயைத் தாமே விளக்கலானார். உரையாசிரியர் கூறிய ‘நோய்நிலை உணர்த்தல்’ ஒரு சொல்லால் கைகூடிற்று.

எனவே சில வேண்டுகோள்கள். ஒவ்வோர் அரிய நோய்க்கும் ஒரு பக்க அளவில், மருத்துவர் சரிபார்த்த, தேதியிட்ட தமிழ்க் குறிப்பு வேண்டும். அதனை எழுதும் பணியில் தமிழ் மாணவர் மருத்துவ மாணவரோடு கைகோக்கலாம். அறிக்கையைப் படிக்கத் தெரியாத நோயாளியுடன் ஒரு மாணவர் சென்று, கேட்கவேண்டிய கேள்விகளை முன்னரே எழுதிக்கொடுத்து, மருத்துவர் சொன்ன விடைகளையும் எழுதிவரலாம். விடை கூறுவது மருத்துவரே, மாணவரல்லர். ஜமாஅத் அலுவலகங்களில் எந்த மருத்துவமனை, எந்தப் பிரிவு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திற்கு யாரை அணுகுவது என்னும் விவரம் எழுதித் தொங்கவிடலாம். பெண் கேட்டு வருவோர் முன் நோயை ஒரு குற்றம்போல் மறைக்கும் நிலையை மாற்றப் பெரியோர்கள் ஜும்ஆ மேடையில் பேசலாம்.

நோயாளியைச் சென்று காண்பதை ஒரு முஸ்லிம் மற்றவர்க்குச் செய்யவேண்டிய கடமைகளுள் ஒன்றாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வைத்தார்கள். கோவளம் தர்கா வாசலில் துஆ கேட்டு நிற்போரும், அடையாறு மருத்துவமனை வாசலில் சீட்டுக்குக் காத்திருப்போரும் பலவேளைகளில் ஒரே குடும்பத்தினரே. அவர்களைக் காணச் செல்லும்போது பழத்தோடு சரியான செய்தி ஒன்றையும் கொண்டு செல்வோம். மச்சான் மூன்றாண்டு மாத்திரையை முடித்து, குறித்த காலத்தில் படமெடுத்துப் பார்த்துவருகிறார், கடையும் நடக்கிறது. திருப்போரூர் அம்மையாரைப் போல ஒருவர் எல்லாப் பெஞ்சிலும் வந்து அமர்வார் என்று நம்பி இருத்தல் தகாது. அவர் சொன்னதை எழுதிவைப்பது எழுத்தறிந்த நம் அனைவர்க்கும் உரிய கடன். அதற்குரிய ஆற்றலையும் மனத்தையும் வல்ல அல்லாஹ் நம் எல்லோர்க்கும் நல்குவானாக.